கல்லூரிச் செலவும் மனச்சான்றும்



ஒருவர் எந்தப் பாடத்தில், எந்த வகுப்பில், எந்த ஆண்டில் தேறினார் என்பதைப் பட்டச் சான்றிதழ் சொல்லும். அந்தப் படிப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்வதில்லை. நிலத்தை விற்று வந்ததா, தாயின் நகையை அடகு வைத்து வந்ததா, வங்கிக் கடனா, கந்து வட்டிக் கடனா, பொய்ச் சான்று காட்டிப் பெற்ற சலுகையா, நன்கொடை என்ற பெயரில் மறைவாகக் கொடுத்த தொகையா என்பது அந்தந்த வீட்டாருக்கே தெரியும். இவ்வழிகளுள் ஒன்றைப் பெரியவர்கள் தேர்ந்துகொள்ளும்போது, அது சரியா தவறா என்பதை எவ்வாறு எண்ணி முடிவு செய்கிறார்கள்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் மாவட்டம் 1965 அக்டோபர் 2 ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதே ஆண்டில் தருமபுரியில் அரசு கலைக் கல்லூரி தோன்றியது. 2004 இல் கிருஷ்ணகிரி எங்களிடமிருந்து பிரிந்து சென்றது. 2008 இல் அரசு மருத்துவக் கல்லூரியும், 2013 இல் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தன. ஆயினும் 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் எங்களுடையதே; நூற்றுக்கு 68.5 பேர்தாம் எழுத்தறிவு பெற்றிருந்தனர். இத்தகைய ஊர்களில் ஒரு பிள்ளை கல்லூரிக்குச் செல்வது ஒரு குடும்பமே மேடேறுவது போன்றது. ஆகவே, அதற்காக எதையும் செய்யலாம் என்ற எண்ணம் பெற்றோருக்கு எளிதில் தோன்றிவிடுகிறது.

2022 ஆம் ஆண்டு ஆனி மாதம். பென்னாகரம் பக்கத்திலிருந்து என்னிடம் பழைய மாணவர் ஒருவர் வந்தார். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உடையவர். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் அரசுப் பள்ளியில் படித்து, அரசு கலைக் கல்லூரியில் வரலாற்றுப் பட்டம் பெற்று, தருமபுரியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி வந்தாள். மகனை மட்டும் வீட்டு வாசலுக்கே வேன் வரும் தனியார் பள்ளியில் படிக்க வைத்திருந்தார். அவன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிப் பொறியியல் படிக்க விரும்பினான். கிடைத்த மதிப்பெண்ணுக்குச் சுயநிதிக் கல்லூரி ஒன்றில்தான் இடம் வரும் என்று தெரிந்தது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் நூற்றுக்கு 7.5 இடங்களை ஒதுக்கும் சட்டம், மருத்துவத்துக்கு 2020 இலும் பொறியியல் முதலியவற்றுக்கு 2021 இலும் வந்தது. அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் பள்ளியில் படித்தமையால் இவர் மகனுக்கு அது கிடைக்காது. இன்னொரு வழி இருந்தது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையானால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'முதல் பட்டதாரி' திட்டம் அது. அதற்கு வருவாய்த் துறையின் சான்றிதழும், 'எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவரும் இலர்' என்ற உறுதிமொழியும் வேண்டும்.

"ஐயா, பொண்ணு படிச்சதை எழுதாம விட்டுட்டா சலுகை கிடைச்சிடும்னு சொல்றாங்க. எழுதாம விடலாமுங்களா?" என்று அவர் கேட்டார்.

அப்போது என் வீட்டுத் திண்ணையில் மேலும் இருவர் இருந்தனர். ஒருவர் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மற்றவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். உள்ளே கூடத்தில் என் தங்கை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சு வளர்ந்தது.

"எழுதாதே, பிடிபட்டால் கட்டணத்தைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். பையனின் படிப்பே கெட்டுவிடும்" என்றார் வருவாய்த் துறைக்காரர்.

"ஊரில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். இவர் ஒருவர் மட்டும் அரிச்சந்திரனாக இருந்து என்ன பயன்? பிள்ளைக்குச் செய்யாதவன் தகப்பனா?" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"இது யாருடைய வீட்டுப் பணமும் இல்லை, அரசாங்கப் பணந்தானே ஐயா? நான் யாரையும் கெடுக்கவில்லையே" என்றார் தந்தை.

இம்மூன்று விடைகளையும் கேட்டபோது, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் வகுப்பில் படித்த பாடம் எனக்கு நினைவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாஜே என்னும் அறிஞர், குழந்தைகள் நன்மை தீமைகளை எவ்வாறு எடை போடுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1932 இல் ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் மேலும் சென்றவர் அமெரிக்காவின் லாரன்ஸ் கோல்பர்க். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1958 இல் அவர் முடித்த ஆய்வில், 10, 13, 16 வயதுள்ள 72 சிறுவர்களிடம் சில கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். அவற்றுள் ஒன்று ஹைன்ஸ் என்பவனின் கதை. அவன் மனைவி சாகக் கிடக்கிறாள். அவளைக் காக்கக்கூடிய மருந்து ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் கேட்கும் விலையோ மிக அதிகம். ஹைன்ஸ் எங்கெங்கோ கடன் கேட்டும் பாதிப் பணமே சேர்கிறது. அவன் அம்மருந்தைத் திருடலாமா?

'திருடலாம்' என்றாலும் 'கூடாது' என்றாலும் கோல்பர்க் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளையே அவர் தரம் பிரித்தார். முதல் தரத்தார் தண்டனையையும் தம் இலாபத்தையும் கொண்டு பேசுகிறார்கள். இரண்டாம் தரத்தார் உற்றார் உறவினர் மெச்சுவதையும், ஊர் வழக்கத்தையும், சட்டத்தையும் கொண்டு பேசுகிறார்கள். மூன்றாம் தரத்தார், சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் அடிப்படையாக உள்ள நியாயம் எது, அது எல்லா மனிதருக்கும் பொருந்துமா என்று கேட்கிறார்கள். அதே சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, வளர்ந்த பின்பும் பெரும்பாலோர் இரண்டாம் தரத்தைச் சுற்றியே நின்றனர். மூன்றாம் தரத்தை எட்டியவர் சிலரே.

எங்கள் திண்ணைப் பேச்சை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். வருவாய்த் துறைக்காரர் சொன்ன 'எழுதாதே' என்பது நல்ல முடிவுதான். ஆனால் அதற்கு அவர் காட்டிய காரணம் பிடிபடும் அச்சம். பிடிபடாது என்று உறுதியானால் அந்த முடிவு நில்லாது. கடைக்காரர் காட்டியது ஊர் வழக்கமும் தந்தையின் கடமையும். தந்தை காட்டிய காரணம் சற்றுக் கவனிக்கத்தக்கது. 'யாரையும் கெடுக்கவில்லை' என்று அவர் சொன்னார். அப்படியானால், பிறரைக் கெடுப்பது தவறு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். கெடுபவர் யார் என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் நேர்மையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள். பால் கூட்டுறவுச் சங்கத்தில் இருபது ஆண்டுகளாகப் பால் ஊற்றுகிறார். ஒரு நாளும் தண்ணீர் கலந்ததில்லை. காரணம், அப்பாலைக் குடிக்கும் குழந்தையை அவரால் எண்ணிப் பார்க்க முடிகிறது. அரசாங்கப் பணத்துக்கு முகம் இல்லை. முகம் தெரியாதவரிடமிருந்து எடுக்கும்போது நம் மனச்சான்று உறங்கிவிடுகிறது. பெரியவர்கள் கல்லூரிச் செலவைப் பற்றி எண்ணும்போது, யாருக்காகச் செய்கிறோம் என்பதை நன்றாகப் பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் பிள்ளை நிற்கிறான். யார் செலவில் செய்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நிகழ்கின்றன.

நான் அவரிடம் சொன்னேன்: "தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும் கூலிக்காரரும் வரி தருகிறார். அந்த வரிதான் இந்தச் சலுகை. சித்தேரி மலையிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு இறங்கி வரும் பிள்ளைக்காக அதை ஏற்படுத்தினார்கள். பொய்யாகப் பெறுவோர் பெருகினால் அதிகாரிகள் மேலும் மேலும் சான்று கேட்பார்கள். அப்போது அலைந்து திரிபவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பிள்ளையின் தாய் தந்தையர்."

நண்பர்களே, இந்த 'யார் செலவில்' என்ற கேள்வி ஒரு திண்ணையோடு முடிவதன்று. நம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் இக்கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியிருக்கிறது. கல்லூரி இடத்துக்காகக் கட்டணத்துக்கு மேல் வாங்கும் தொகையை நாம் 'நன்கொடை' என்கிறோம். விரும்பிக் கொடுப்பதே நன்கொடை. கொடுக்காவிட்டால் இடமில்லை என்று சொல்லி வாங்குவதற்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? கர்நாடகத்தில் 1989 இல் வந்த ஓர் அறிவிப்பின்படி, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஏனைய இடங்களுக்குக் கர்நாடக மாணவரிடம் 25,000 ரூபாய் வரையும், வெளிமாநில மாணவரிடம் 60,000 ரூபாய் வரையும் வாங்கலாம் என்றிருந்தது. உத்தரப் பிரதேசத்து மாணவி ஒருவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மோகினி ஜெயின் வழக்கு எனப்படும் அதில், 1992 ஜூலை 30 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், இவ்வாறு வாங்குவது கல்வியை விற்பதே ஆகும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1993 இல், உன்னிகிருஷ்ணன் வழக்கில் நீதிமன்றம் வேறோர் ஏற்பாட்டைச் செய்தது. தனியார் தொழிற்கல்லூரி இடங்களில் பாதி குறைந்த கட்டணத்தில் தரப்படும். மறுபாதிக்கு உயர்ந்த கட்டணம். ஒரு பாதியார் தரும் பணத்தால் மறுபாதியார் படிப்பார்கள். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? நகரத்தில் நல்ல பள்ளிகளில் படித்த வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மதிப்பெண் மிகுதியால் குறைந்த கட்டண இடங்களைப் பெற்றுக்கொள்ள, நாட்டுப்புறப் பிள்ளைகள் உயர்ந்த கட்டணம் தர நேர்ந்தது என்ற குறை எழுந்தது. 2002 அக்டோபர் 31 ஆம் நாள், டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அடங்கிய ஆயம் இக்குறையையும் எடுத்துப் பேசி, அந்த ஏற்பாட்டை நீக்கியது. நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாட்டிலும், செலவைச் சுமப்பவர் யார் என்பதைப் பின்னால் சென்று பார்க்க வேண்டியிருந்தது. 2005 இல் இனாம்தார் வழக்கில், நன்கொடையும் கொள்ளை இலாபமும் கூடா என்பதை நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

வேற்று நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1971 இல் ஒரு புதிய கடன் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் படிக்கும்போது பணம் பெறுவர். பின்னாளில் தம் வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தருவர். ஒரே திரளில் கடன் பெற்றோர் அனைவரும் சேர்ந்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். சிலர் கொடுக்காமல் நழுவினர். சிலருக்கு வருமானமே குறைவு. ஆகவே, ஒழுங்காகக் கட்டியவர்களே நெடுங்காலம் கட்டிக்கொண்டிருந்தனர். 1978 இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. எஞ்சிய பாக்கியைப் பின்னாளில் பல்கலைக்கழகமே தள்ளிவிட்டது. அங்கும் நழுவியவர்கள், 'பெரிய பல்கலைக்கழகத்தின் பணந்தானே' என்று எண்ணியிருக்கக் கூடும். அவர்களுக்காகக் கட்டியவர் கூடப் படித்த தோழர்.

இவற்றில் சிலவற்றை என் பழைய மாணவருக்கு எளிய முறையில் எடுத்துச் சொன்னேன். நன்றாக விளக்கிவிட்டோம் என்ற நிறைவு எனக்கு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பாதி இசைந்தும் பாதி இசையாமலும் எழுந்தார். அப்போது என் தங்கை கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்:

"ஏப்பா, அந்தப் புள்ளையக் கேட்டியா?"

"எந்தப் புள்ளைங்க அம்மா?"

"உன் பொண்ணைத்தான். அவ படிச்ச படிப்பை இல்லைன்னு எழுதறதுக்கு அவளைக் கேட்டியா?"

அவர் விடை சொல்லவில்லை. நானும் வாய் அடைத்து நின்றேன். வரி கொடுக்கும் கூலிக்காரரையும், சித்தேரி மலைப் பிள்ளையையும் தேடிக் கண்டுபிடித்த நான், அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்ணைக் காணவில்லை. குடும்பத்தில் பட்டதாரி எவரும் இலர் என்று எழுதுவதற்கு, மூன்று ஆண்டுகள் பேருந்தில் போய் வந்து அவள் பெற்ற பட்டத்தை அழிக்க வேண்டும். அந்தச் சலுகையின் செலவில் ஒரு பங்கு அவளுடையது. அவளை ஒருவரும் கேட்கவில்லை.

முகம் தெரியாதவர் செலவைச் சுமப்பது ஒரு வகை. நாள்தோறும் முகம் பார்ப்பவர் சுமப்பது மற்றொரு வகை. இரண்டாமவரையும் நாம் காண்பதில்லை, காரணம் வேறு. 'நம் வீட்டாள்தானே, என்ன சொல்லிவிடப் போகிறாள்' என்று இருந்துவிடுகிறோம். கோல்பர்க்கோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் என்னும் அம்மையார், 1982 இல் எழுதிய நூலில் அவருடைய அளவுகோலிலேயே ஒரு குறை கண்டார். அந்த அளவுகோல் சிறுவர்களை மட்டும் கேட்டு அமைந்தது. உரிமை, நியதி என்பவற்றையே உயர்த்திப் பேசியது. யாருக்கு நோகும், யாரைக் கைவிடுகிறோம் என்று கேட்கும் குரலுக்கு அதில் உரிய இடம் இல்லை என்றார். என் தங்கை கில்லிகனைப் படித்தவள் அல்லள். எட்டாம் வகுப்போடு நின்றவள்.

அவள் ஏன் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும். 1977 இல் நான் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். என் தந்தையார் சிறு விவசாயி. இருவரையும் படிக்க வைக்க இயலாது என்று ஓர் இரவு தாயாரிடம் சொன்னார். அவ்வளவில் அது முடிந்தது. தங்கை பள்ளியை விட்டு நின்று, எங்கள் ஊர்ப் பெண்கள் பலரையும் போலப் புளி தட்டும் வேலைக்குச் சென்றாள். எடைக் கணக்கில் கூலி. ஓடு உடைத்து, நார் நீக்கி, கொட்டை எடுத்து, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தக் கூலியும் சேர்ந்துதான் என் விடுதிக் கட்டணம் ஆயிற்று. இது எனக்கு அப்போதே தெரியும். அதைத் தங்கையின் பாசம் என்று எண்ணி மகிழ்ந்தேன். நன்றி கூடப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்டதில்லை.

திண்ணைப் பேச்சு நடந்த அன்று இரவு, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவளிடம் கேட்டேன். "அன்றைக்கு உன்னைக் கேட்டிருந்தால் என்னம்மா சொல்லியிருப்பாய்?"

"சரின்னுதான் சொல்லியிருப்பேன் அண்ணா. நீ நல்லாப் படிச்சே, எனக்குத் தெரியாதா? ஆனா யாரும் கேக்கலையே" என்றாள். பிறகு, "கணக்குல உன்னைவிட நான்தான் அதிகம் வாங்குவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது உண்மை.

கேட்டிருந்தால் பணக் கணக்கு மாறியிருக்காது. அவள் நின்றிருப்பாள், நான் படித்திருப்பேன். ஆனால் அது அவள் கொடுத்த கொடையாக இருந்திருக்கும். கேளாமல் எடுத்ததால் அது அவளிடமிருந்து எடுத்ததாகவே நின்றுவிட்டது. விரும்பிக் கொடுப்பதே நன்கொடை என்று கல்லூரிகளுக்கு இலக்கணம் சொன்னவன், அந்த இலக்கணத்தை என் வீட்டில் பொருத்திப் பார்க்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

பெரியோர் வரலாற்றிலும் இதைக் காணலாம். 1888 இல் காந்தியடிகள் இலண்டனுக்குச் சென்று சட்டம் படிக்க எண்ணியபோது பணமுடை ஏற்பட்டது. மனைவியின் நகைகளை விற்கலாம், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் தேறும் என்று தாம் சொன்னதாகத் தம் வரலாற்றிலேயே அவர் எழுதியிருக்கிறார். தமையனார் பணம் தேடித் தருவதாக ஏற்றுக்கொண்டார். தம் குறைகளை மறையாமல் எழுதிய பெருமகனாருக்கும், இளமையில் அந்த யோசனை இயல்பாகத் தோன்றியது. 1913 இல் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றதோ வேறு வகை. பரோடா மன்னர் சாயாஜிராவ் உதவித்தொகை கொடுத்தார். படித்து வந்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணி செய்வதாக அம்பேத்கர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். கொடுப்பவருக்கும் தெரியும், பெறுபவருக்கும் தெரியும். 1917 இல் அவர் பரோடாவுக்குச் சென்றபோது, தீண்டாமையின் காரணமாகக் குடியிருக்க ஓர் இடமும் கிடைக்காமல் திரும்ப நேர்ந்தது. ஒப்பந்தம் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது; அதை நிறைவேற்ற இடம் கொடுக்கும் சமுதாயமும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இனி, கடனைப் பற்றிச் சிறிது. கல்விக் கடனுக்கான மாதிரித் திட்டத்தை இந்திய வங்கிகள் சங்கம் 2001 இல் வகுத்தது. அப்போது அதன்படி நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் வேண்டியதில்லை என்றிருந்தது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிடுவர். படிப்பு முடிந்து ஓர் அவகாசம் கழிந்த பின்னரே தவணை தொடங்கும். கந்து வட்டிக்கு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கந்து வட்டி வாங்குவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் வங்கிக் கடனிலும் செலவைச் சுமக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் இன்னும் பிறக்காதவர் போன்றவர்: இருபத்தைந்து வயதில் நீங்கள் ஆகப்போகும் அந்த மனிதர். அவர் சார்பில் பேச இன்று வீட்டில் இருப்பவர் நீங்கள் ஒருவரே. விரும்பாத படிப்புக்கு, பெற்றோரின் ஆசைக்காக, கடன் பத்திரத்தில் வாய் திறவாமல் கையொப்பமிடும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களையும் ஒருவரும் கேட்கவில்லை. உங்களை ஒருவரும் கேட்காவிட்டால், நீங்களே முன்வந்து பணிவோடு சொல்லுங்கள். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதைக் குறைவு ஆகாது.

என் பழைய மாணவரின் கதைக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். மகளைக் கேட்டாராம். அவள் முதலில் அழுதாளாம். பிறகு, "தம்பிக்கு என் சம்பளத்தில் மாதா மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறேன். படிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள் அப்பா" என்றாளாம். உறுதிமொழி எழுதப்படவில்லை. பையன் வங்கிக் கடன் பெற்றே சேர்ந்தான். கடன் எளிதில் வந்துவிடவில்லை. வங்கிக்கு நான்கு முறை நடந்தார்கள். முதல் தவணைக் கட்டணத்துக்காக ஒரு கறவை மாட்டை விற்க வேண்டி வந்தது. நேர்மையாக நடந்ததால் எல்லாம் நலமாக முடிந்தது என்று உங்களுக்குக் கதை சொல்ல நான் விரும்பவில்லை. அந்த வீட்டில் அதற்கும் ஒரு விலை கொடுத்தார்கள். அந்த மாட்டை விற்பதற்கு முன் அவர் தம் மனைவியைக் கேட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். பால் கறந்து வந்தவர் அந்த அம்மையார்தாம்.

இளைய நண்பர்களே! கல்லூரிச் செலவு வீட்டில் பேசப்படும்போது, பெரியவர்களைக் குற்றம் சாட்டப் புகாதீர்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறார்கள். அதனால் பிற முகங்கள் அவர்களுக்குத் தெரியாமல் போகின்றன. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகும் செலவை ஒரு பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் எதிரே, அதைச் சுமப்பவர் பெயரை எழுதுங்கள்: தந்தை, தாய், அக்காள், தங்கை, பாட்டி, வரி கொடுக்கும் ஊரார், உங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டிய வேறொரு மாணவன், இருபத்தைந்து வயதில் நீங்கள். வீட்டில் உள்ளவர்களை நேரில் கேளுங்கள். கேட்க முடியாத தூரத்தில் உள்ளவர்களுக்காக, அவர்கள் எதிரே நின்றால் இதைச் சொல்லத் துணிவோமா என்று உங்களையே கேளுங்கள். சொல்லத் துணியாத வழியை விட்டுவிடுங்கள்.

நான் சென்ற ஆண்டு என் தங்கைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாலையில் விளக்கு வைத்தபின் அரைமணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். எனக்கு வராத கணக்கு ஒன்றை நேற்று அவள் போட்டுக் காட்டினாள்.